ப்ரொஜெக்‌ஷன் டிவியில் சிவப்பும் நீலமும் விலகி நிற்கின்றன: ஐசியா, டிரை சால்டரா?

நிலவறைவாசி (ஸ்கார்பரோ, கனடா)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் வாங்கிய வீட்டின் நிலவறையில் முந்தைய உரிமையாளர்கள் ஒரு பெரிய ப்ரொஜெக்‌ஷன் டிவியை விட்டுச் சென்றிருக்கிறார்கள். அன்பளிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். நிலவறைப் படிக்கட்டு நடுவில் திரும்புகிறது; பெட்டி அந்த இடத்தில் திரும்ப மறுக்கிறது. சுவர் எழுப்புவதற்கு முன்பே உள்ளே இறக்கியிருக்க வேண்டும். 53 அங்குலத் திரை, ஜப்பானிய நிறுவனத் தயாரிப்பு, பின்பலகையில் 2001 என்று இருக்கிறது. உள்ளே மூன்று பிக்சர் டியூப் கொண்ட பழைய வகை.

அப்பாவுக்கு அதில்தான் கிரிக்கெட் பார்க்க வேண்டும். மேலே உள்ள தட்டை டிவியில் பந்து இழுபடுகிறதாம்.

இப்போது பிரச்சினை. போட்டவுடன் படம் ஏறத்தாழ ஒழுங்காக இருக்கிறது. கொஞ்சம் சூடேறியதும் சிவப்பு தனியே கழன்றுகொள்கிறது. ஸ்கோர் பட்டையின் வெள்ளை எழுத்துகளுக்குக் கீழே சிவப்பில் இன்னொரு எழுத்து வரிசை தெரிகிறது. திரையின் நடுவில் விலகல் குறைவு, இரு ஓரங்களில் ஒரு விரல் அகலம். நீலம் ஒரு பக்கம் மேலேறிச் சாய்ந்து நிற்கிறது. மெனுவில் ‘கன்வெர்ஜென்ஸ்’ என்று, மூன்று நிறங்களையும் ஒன்றாகப் பொருத்தும் ஒரு பகுதி உண்டு. அதில் சிவப்பை மேலே தள்ளினால் நடுப்பகுதி பொருந்துகிறது, ஓரங்கள் அப்படியே இருக்கின்றன. டியூப் போய்விட்டதா? மெனுவிலேயே சரிசெய்ய வழி உண்டா?

வெறும்பார்வையாளன் (துபாய்)

வழி உண்டு: ரம்பம். துண்டுதுண்டாக அறுத்துப் படியேற்றி, நகராட்சியின் மின்கழிவு மையத்தில் கொடுத்துவிடுங்கள். டியூப்களை மட்டும் அறுக்காமல் முழுதாக எடுங்கள், கண்ணாடியில் ஈயம் இருக்கிறது.

கிண்டல் இல்லை. இந்த வகை டிவியைக் கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த மிட்சுபிஷியே 2012 டிசம்பரில் கைகழுவியது. மூன்று டியூப் வகை அதற்கும் பல ஆண்டுகள் முன்பே கடைகளிலிருந்து மறைந்துவிட்டது. பாகங்களுக்கு எங்கே போவீர்கள்? புதிதாக ஒரு 55 அங்குலம் வாங்கினால் இரண்டு பேர் தூக்கிச் சுவரில் மாட்டிவிடலாம்.

சால்டர் மணி (கோவை)

தம்பி, ரம்பத்தைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். உங்கள் டியூப்கள் நன்றாகவே இருக்கின்றன. டியூப் தளர்ந்தால் அந்த நிறம் மங்கும், வெள்ளை வேறு சாயலுக்குப் போகும். வளைவதும் விலகுவதும் டியூப்பின் நோய் அல்ல.

முதலில் ஒன்று: மெனுவில் இனி எதையும் நகர்த்த வேண்டாம். பழுதை வைத்துக்கொண்டு சீரமைப்பைத் திருத்தினால், பழுது நீங்கியபின் அந்தத் திருத்தமே புது விலகலாக நிற்கும். பட்டனை அழுத்தினால் தானே சீரமைத்துக்கொள்ளும் வசதி சில பெட்டிகளில் உண்டு. ஹிட்டாச்சி அதை மேஜிக் ஃபோகஸ் என்றது, சோனி ஃப்ளாஷ் ஃபோகஸ் என்றது. உங்கள் பெட்டியில் அப்படி ஒன்று இருந்தால் அதையும் இப்போது தொடாதீர்கள்.

அடுத்து, கட்டம் போட்ட சோதனைப் படத்தை வரவழையுங்கள். பல பெட்டிகளில் கன்வெர்ஜென்ஸ் மெனுவிலேயே வரும். இல்லாவிட்டால் சர்வீஸ் மெனுவில் (பழுதுபார்ப்பவர்களுக்கான மெனு) இருக்கும். ஒவ்வொரு நிறமாகத் தனித்தனியே பார்க்க வேண்டும். நிறங்களை அணைக்க மெனு இடம் தராவிட்டால், முன்பக்கக் கீழ்ப்பலகையைக் கழற்றி, வேண்டாத இரண்டு லென்ஸ்களை அட்டையால் மூடினால் போதும். அரைமணி நேரம் ஓடவிட்டு, பிறகு பாருங்கள். சிவப்பின் படுக்கைக் கோடுகள் எப்படி இருக்கின்றன, நெட்டைக் கோடுகள் எப்படி இருக்கின்றன? நீலத்துக்கும் பச்சைக்கும் அதே கேள்வி. இந்த ஆறு பதில்களையும் எழுதுங்கள். பெட்டியின் பின்பலகையைத் திறக்காமலே பாதி நோயைச் சொல்லிவிடலாம்.

மூன்று நிறமும் சேர்ந்தே ஒரே மாதிரி வளைந்தால் அது வேறு கதை. அங்கே டிஃப்லெக்‌ஷன் பகுதியை, அதாவது மின்கதிரைத் திரையெங்கும் ஓட்டும் சர்க்யூட்டைத் தேட வேண்டும். நீங்கள் சொல்வது அப்படித் தோன்றவில்லை.

நிலவறைவாசி

நன்றி மணி அண்ணா. அட்டை உபாயம் அருமையாக வேலை செய்தது.

பச்சை: படுக்கைக் கோடு, நெட்டைக் கோடு இரண்டும் நேராக இருக்கின்றன. சிவப்பு: நெட்டைக் கோடுகள் பச்சையோடு பொருந்துகின்றன, படுக்கைக் கோடுகள் இரு ஓரங்களிலும் தொங்குகின்றன. சூடேற ஏறத் தொங்கல் கூடுகிறது. நீலம்: நெட்டைக் கோடுகள் சரி, படுக்கைக் கோடுகள் இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் தாழ்ந்து, ஒரே சாய்வாக இருக்கின்றன. நீலத்தின் சாய்வு மட்டும் போட்டவுடனேயே இருக்கிறது, சூட்டால் கூடவில்லை.

சால்டர் மணி

தெளிவாகப் பார்த்திருக்கிறீர்கள். நெட்டைக் கோடுகள் மூன்று நிறத்திலும் சரி. அதனால் புள்ளியை இடவலமாக நகர்த்தும் மூன்று வழிகளும் உயிரோடு இருக்கின்றன. படுக்கைக் கோடு இடம் மாறுகிறது என்றால் புள்ளி மேலும் கீழும் தவறிப்போகிறது. குற்றவாளி செங்குத்துத் திருத்தம். அங்கே சிவப்பு சூட்டில் தளர்கிறது, நீலம் முன்பே செத்துக்கிடக்கிறது. இரண்டும் வேறு வேறு வயதுள்ள பழுதுகளாக இருக்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒளிவில்லை (சிங்கப்பூர்)

இந்தத் திருத்தம் எதற்கு என்று கேட்கப்போகிறவர்களுக்காக. இந்தப் பெட்டிக்குள் 7 அங்குல டியூப் மூன்று இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே ஒரு நிறத்தை வரைகிறது. அது லென்ஸ் வழியாகக் கண்ணாடியில் பட்டுத் திரும்பித் திரையின் பின்புறத்தில் விழுகிறது. மூன்று பேர் ஒரே கோலத்தை மூன்று நிறப் பொடியில், ஒரு இழைகூடப் பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுவதுதான் இங்கே நடக்கும் வேலை.

சிக்கல் என்னவென்றால், நடுவில் உட்காரும் பச்சை மட்டுமே திரையை நேராகப் பார்க்கிறது. சிவப்பும் நீலமும் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடிக்கின்றன. சாய்வாக அடித்தால் செவ்வகம் ஒரு பக்கம் உயரமாகவும் மறு பக்கம் குட்டையாகவும் விழும். அந்தக் கோணலை எதிர்க்கோணலால் ஈடுகட்டத்தான் ஒவ்வொரு டியூப்பின் கழுத்திலும் முதன்மை யோக்குக்கு (மின்கதிரை வளைக்கும் சுருள்) பின்னால் ஒரு சிறிய கன்வெர்ஜென்ஸ் யோக் இருக்கிறது. நிறத்துக்கு இரண்டு சுருள்: ஒன்று இடவலம், மற்றது மேல்கீழ். மொத்தம் ஆறு. ஆறுக்கும் இடைவிடாமல் மின்னோட்டம் தர ஆறு பெருக்கிகள். ஒரு பெருக்கி நின்றால் படத்தில் புதிதாக எந்தக் கோணலும் சேர்வதில்லை, அதுவரை மறைத்து வைத்திருந்த கோணல் வெளியே வருகிறது. நிலவறைவாசியின் நீலத்தில் தெரிவது பெரும்பாலும் அதுதான்.

கீற்று (ஈப்போ, மலேசியா)

மணி அண்ணன் இந்தப் பெருக்கிகள் அடங்கிய ஐசியை நோக்கிப் போகிறார் என்று தெரிகிறது. நான் ஒரு தடை போடுகிறேன். ‘சூடானால் விலகுகிறது’ என்பது டிரை சால்டரின், அதாவது விட்டுப்போன ஈய இணைப்பின் சாமுத்திரிகா லட்சணம். இந்தப் போர்டுகள் நாள்தோறும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஐசியின் கால்களைச் சுற்றி ஈயத்தில் மெல்லிய வளையமாக விரிசல் விடும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் தெரியும். ஈயத்தைப் புதுப்பித்தாலே படம் திரும்பி வந்த பெட்டிகள் என் கைவழியாகப் போயிருக்கின்றன. காசு செலவழிக்குமுன் அதைப் பார்க்கட்டும்.

சால்டர் மணி

கீற்று சொல்வதில் பாதியை ஏற்கிறேன். விரிசல் இருந்தால் போர்டைத் தட்டினால் கோடு துள்ளும். சூட்டில் நோகும் ஐசியாக இருந்தால் தட்டினாலும் அசையாது, மெதுவாக ஊர்ந்து போய்க்கொண்டே இருக்கும். ஆகவே தட்டிப் பார்க்கலாம். ஆனால் பெட்டி ஓடும்போது உள்ளே கைவைக்கும் வேலை இது. காய்ந்த நீளமான மரக்குச்சி மட்டும், ஒரு கை சட்டைப்பைக்குள், போர்டின் ஓரத்தில் மட்டும் மெல்லத் தட்டுவது. தைரியம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், ஈயத்தை எப்படியும் புதுப்பிக்கத்தான் போகிறோம்.

வெறும்பார்வையாளன்

உள்ளே எவ்வளவு வோல்ட் என்பதையும் யாராவது சொல்லிவிடுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள்.

சால்டர் மணி

நியாயமான கேள்வி. டியூப்பின் ஆனோடில் சுமார் 30,000 வோல்ட். ஃபோகஸ் கம்பிகளில் ஆயிரக்கணக்கில். பிளக்கைப் பிடுங்கியபிறகும் பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர்கள் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். பிளக்கை எடுத்துவிட்டு நெடுநேரம் கழித்து, மீட்டரால் அளந்து பார்த்தபிறகே விரல் உள்ளே போக வேண்டும். தடித்த சிவப்புக் கம்பி பக்கமே போக வேண்டியதில்லை. கன்வெர்ஜென்ஸ் போர்டு தனியே இருக்கும். இன்னொன்று, மின்சாரத்தைப் பற்றியே பேசி எல்லோரும் மறப்பது: டியூப்பின் கழுத்து மெல்லிய கண்ணாடி. போர்டை இழுக்கும்போது முழங்கை பட்டாலே ஒடியும். ஒடிந்தால் வெறும்பார்வையாளனின் ரம்பம்தான்.

நிலவறைவாசி

தட்டினேன். கோடு துள்ளவில்லை. சிவப்பு தன் பாட்டுக்கு ஊர்ந்துகொண்டே போனது.

இணையத்தில் சர்வீஸ் மேனுவல் கிடைத்தது. மறுநாள் காலை போர்டை வெளியே எடுத்தேன். அலுமினிய ஹீட் சிங்க் ஒன்றில் இரண்டு தடித்த ஐசிகள், இரண்டிலும் எஸ்டிகே 392-110 என்று எழுதியிருக்கிறது. ஒன்றைச் சுற்றி மட்டும் போர்டு தேயிலைச் சாய நிறத்துக்குப் பழுத்திருக்கிறது. ஐசிக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே இருந்த வெள்ளைப் பசை காய்ந்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்கிறது.

சால்டர் மணி

அந்தப் பசையே வாக்குமூலம். ஐசியின் சூட்டை ஹீட் சிங்குக்குக் கடத்துவது அதுதான். அது காய்ந்தபிறகு ஐசி தன் சூட்டிலேயே வெந்திருக்கிறது.

எஸ்டிகே 392-110 ஒன்றுக்குள் மூன்று பெருக்கிகள். இரண்டு ஐசி, ஆறு பெருக்கி, ஆறு சுருள். எந்த ஐசி எதை ஓட்டுகிறது என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். சர்க்யூட் படத்தில் பாருங்கள். உங்கள் பெட்டியில் செங்குத்து மூன்றும் ஒரே ஐசியில் இருந்தால், பழுத்திருக்கும் பக்கம்தான் அது என்று பந்தயம் கட்டுவேன். ஆனாலும் இரண்டையும் மாற்றுங்கள். ஒரே வயது, ஒரே சூடு. ஒன்று போனபின் மற்றதை நம்பிப் பெட்டியை மூடினால் மறுபடி திறக்க நேரிடும். பின்பலகையின் திருகுகளைக் கழற்றுவதுதான் இந்த வேலையிலேயே சலிப்பான பகுதி.

வாங்கும்போது கவனம். இதைத் தயாரித்தது சான்யோ. அதன் குறைக்கடத்திப் பிரிவு 2011 தொடக்கத்தில் ஆன் செமிகண்டக்டர் கைக்குப் போனது. இன்று சந்தையில் மலிவாகக் கொட்டிக்கிடப்பவற்றில் போலி மிகுதி. போட்டவுடன் வேலை செய்யும், சூடேறியதும் பழைய கதையையே பாடும். விலை நம்பமுடியாத அளவு குறைவாக இருந்தால் நம்பாதீர்கள். எழுத்தைத் தின்னரில் நனைத்த பஞ்சால் துடைத்துப் பாருங்கள், பழைய எழுத்தை அழித்துப் புதிதாக அச்சடித்ததா என்று தெரியும்.

கழற்றும் முறை: ஐசி ஒன்றுக்கு 18 கால்கள். முதலில் ஹீட் சிங்க் திருகுகளைத் தளர்த்துங்கள். பிறகு உறிஞ்சியால் ஈயத்தை எடுத்து, மிச்சத்தைச் செம்புப் பின்னலால் துடையுங்கள். கால் தளர்ந்து ஆடாமல் ஐசியை இழுத்தால் போர்டின் செம்புத் தடம் பிய்ந்துகொண்டு வரும். மாட்டும்போதும் திருகுதான் முதலில்: பசை தடவி, ஐசியை ஹீட் சிங்கில் திருகியபிறகுதான் கால்களுக்கு ஈயம். முதலில் ஈயம் வைத்துவிட்டுப் பிறகு திருகினால், திருகின் இழுவை முழுவதையும் கால்கள் தாங்க வேண்டிவரும். கீற்று சொன்ன விரிசல் அங்கேதான் பிறக்கிறது. பசையை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள்.

கீற்று

அந்தக் கடைசிப் பத்திக்காகவே இந்த இழையைச் சேமித்து வைக்கிறேன். திருகி முடித்துப் பிறகு ஈயம் என்பதைப் பல கடைகளில் செய்வதில்லை.

மூன்றாம்பிறை (மதுரை)

இடைமறிப்பதற்கு மன்னிக்கவும். என்னிடமும் ப்ரொஜெக்‌ஷன் டிவிதான், ஆனால் டிஎல்பி என்று எழுதியிருக்கிறது. திரையெங்கும் வெள்ளைப் புள்ளிகள், வாரத்துக்கு வாரம் கூடுகின்றன. இதே ஐசியா?

ஒளிவில்லை

இல்லை. உங்கள் பெட்டியில் பிக்சர் டியூப்பும் இல்லை, கன்வெர்ஜென்ஸும் இல்லை. ஒரே விளக்கு, சுழலும் நிறச் சக்கரம், லட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள் கொண்ட டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் சிப் ஒன்று. கண்ணாடிகள் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றுவிட்டால் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அந்தச் சிப்பை மாற்றுவதுதான் தீர்வு, சீரமைப்பு எதுவும் உதவாது. வேறு ஒருநாள் படத்தின் ஓரத்தில் நிழல் விழுந்தால் சிப்பைச் சந்தேகிக்க வேண்டாம். விளக்கொளியைக் கடத்தும் சிறு கண்ணாடிக் குழல் ஒன்றில் பசை விட்டு உள்தகடு சரிந்திருக்கலாம்.

நிலவறைவாசி

இரண்டு ஐசிகளும் வந்து சேர்ந்து, மாற்றியும் ஆகிவிட்டது. பஞ்சுச் சோதனையில் எழுத்து அழியவில்லை. சர்க்யூட் படத்தின்படி செங்குத்து மூன்றும் பழுத்த பக்கத்து ஐசியில்தான். மணி அண்ணா பந்தயத்தில் வென்றார்.

சிவப்பு அப்படியே பச்சையின்மேல் உட்கார்ந்துவிட்டது. நெடுநேரம் ஓடவிட்டும் ஊரவில்லை. ஆனால் நீலத்தின் சாய்வு கொஞ்சமும் மாறவில்லை. புது ஐசியிலும் ஒரு பகுதி போலியா?

வெறும்பார்வையாளன்

ரம்பம் இன்னும் கைவசம் இருக்கிறது.

கீற்று

ஐசியைக் குறைசொல்லுமுன் அதைச் சுற்றியுள்ள ரெசிஸ்டர்களை அளந்தீர்களா? ஒவ்வொரு வழியிலும் சுருளுக்குப் போகும் மின்னோட்டம் சில ஓம் மதிப்புள்ள சிறு ரெசிஸ்டர்கள் வழியாகச் செல்கிறது. பழைய ஐசி சாகும்போது அதில் ஒன்றைக் கூடவே கொன்றிருக்கும். அது உள்ளே அறுந்து கிடந்தால் எந்த ஐசியைப் போட்டாலும் அந்த வழியில் ஓட்டம் இருக்காது. வெளியில் கருகல் தெரிய வேண்டும் என்றில்லை, பார்வைக்குப் புத்தம் புதிதாகவே இருக்கும். சப்ளை வழியில் ரெசிஸ்டர் போலவே தோற்றமளிக்கும் பிக்கோ ஃபியூஸ்களும் இருக்கும், அவற்றையும் விடாதீர்கள். உங்கள் பெட்டியில் மற்ற வழிகள் ஓடுவதால் ஃபியூஸ் போயிருக்க வாய்ப்பு குறைவு.

சால்டர் மணி

கீற்றின் கையைப் பிடித்துக் குலுக்குகிறேன். நீலம் முன்பே செத்தது என்று நான் சொன்னது இதை மனத்தில் வைத்துத்தான். ஐசியோடு சேர்த்தே அளக்கச் சொல்லியிருந்தால் ஒருமுறை திறப்பது மிச்சமாகியிருக்கும்.

அளக்கும்போது முதலில் மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்துக் கம்பியின் மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். சில ஓம் அளவில் அதுவே தீர்ப்பை மாற்றிவிடும். சிவப்பு வழியில் உள்ள அதே ரெசிஸ்டரை அளந்து நீலத்தோடு ஒப்பிடுங்கள். படம் பார்த்து மதிப்புத் தேடுவதைவிட இது விரைவு. மாற்றும்போது அதே ஓம், அதே வாட். ரெசிஸ்டர் கிடைக்கவில்லை என்று கம்பித்துண்டை வைத்து இணைக்கச் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்டால் புது ஐசிக்கு ஆயுள் கிடையாது.

நிலவறைவாசி

பிடிபட்டது. சிவப்பு வழியிலும் பச்சை வழியிலும் மீட்டர் ஒரே அளவு காட்டியது. நீலத்தில் முடிவிலி. வரிசையில் நின்ற மற்றவற்றுக்கும் அதற்கும் தோற்றத்தில் ஒரு வேறுபாடும் இல்லை. பட்டைகளின் நிறம்கூட மங்கவில்லை. மாற்றியபின் நீலம் நிமிர்ந்துவிட்டது.

மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கின்றன. மூலைகளில் மட்டும் நூலளவு நிற ஓரம் தெரிகிறது. இப்போதாவது சீரமைப்பைத் தொடலாமா?

ஒளிவில்லை

இப்போது தொடலாம். சர்வீஸ் மெனுவில் நுழைந்தவுடன், எதையும் மாற்றுமுன், இருக்கும் எண்கள் எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். பெட்டி குறைந்தது அரைமணி நேரம் ஓடியிருக்க வேண்டும். குளிர்ந்த பெட்டியில் செய்த சீரமைப்பு சூட்டில் நிற்காது. கனடா நிலவறையில் இது இன்னும் முக்கியம்.

பச்சையே அடிப்படை. அதன் கட்டம் நேராக இருக்கிறதா என்று திரைக்குக் குறுக்கே நூல் பிடித்துப் பாருங்கள். நூலின் முனைகளைத் திரையின் சட்டத்தில் ஒட்டுங்கள். திரையில் ஒட்டினால் பசை நுண்கோடுகளில் ஏறிக்கொள்ளும். பச்சை நேராக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். பிறகு நீலத்தை அணைத்துவிட்டுச் சிவப்பைப் பச்சையோடு பொருத்துங்கள்: முதலில் நடு, பிறகு நடுவிலிருந்து வெளியே, கடைசியில் மூலைகள். மூலையில் ஆரம்பித்தவர்கள் இரவு முழுவதும் உட்கார்ந்திருப்பார்கள், ஏனென்றால் ஒரு புள்ளியை நகர்த்தினால் பக்கத்துப் புள்ளியும் கூடவே வரும். பொருந்திய இடத்தில் கோடு மஞ்சளாகத் தெரியும். நீலம் கடைசி, கண்ணுக்கு நீலத்தின் சிறு பிசகு அவ்வளவாகத் தெரியாது, அதனால் அங்கே நூலளவுக்குப் போராட வேண்டியதில்லை.

பலர் விட்டுவிடும் ஒன்று: உங்கள் பெட்டி 480 வரிப் படத்தையும் 1080i (1080 வரி) படத்தையும் தனித்தனி வேகத்தில் வரைந்தால், முன்னதற்கு 31.5 கிலோஹெர்ட்ஸ், பின்னதற்கு 33.75. இந்த இரண்டுக்கும் சீரமைப்பு நினைவகத்தில் தனித்தனியே இருக்கும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானாகச் சரியாகாது. அப்பாவின் கிரிக்கெட் எந்த வகையில் வருகிறதோ அதை முதலில் முடியுங்கள். வெளியேறுமுன் சேமிக்கும் கட்டளையைத் தர மறக்காதீர்கள். பல பெட்டிகள் கேட்காமலே எல்லாவற்றையும் உதறிவிடும்.

திறந்திருக்கும்போதே, படத்தைத் திரைக்குத் திருப்பும் கண்ணாடியில் உள்ள தூசையும் எடுங்கள், ஆனால் வீட்டுக் கண்ணாடி துடைக்கும் திரவம் ஆகாது. இதில் பூச்சு முன்பக்கத்திலேயே இருக்கிறது, அழுத்தித் துடைத்தால் கோடு விழும். மென்தூரிகை, தேவைப்பட்டால் வடிகட்டிய நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணி, அவ்வளவுதான்.

நிலவறைவாசி

1080i முடிந்தது, சேமித்தும் விட்டேன். ஸ்கோர் பட்டையின் எண்களுக்கு ஓரம் கத்தியாக இருக்கிறது. 480 அடுத்த வார இறுதிக்கு. அப்பா இரண்டாம் இன்னிங்ஸில் இருப்பதால் ரிமோட் என் கைக்கு வரவில்லை.

ஒரு சந்தேகம் பாக்கி. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் அதைச் சுற்றி நீலமாக ஒரு புகைமூட்டம். கோடுகள் பொருந்தியிருக்கின்றன, ஆனாலும் மூட்டம் இருக்கிறது. நீல லென்ஸைக் கையால் மறைத்தால் போய்விடுகிறது. ஃபோகஸைத் திருகிப் பார்க்கலாமா?

சால்டர் மணி

ஃபோகஸ் திருகைத் தொடுமுன் நீல லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். டியூப்பின் முகத்துக்கும் லென்ஸுக்கும் நடுவே குளிர்விக்கும் திரவம் இருக்கிறது, கிளைக்காலும் கிளிசரினும் கலந்தது. வயதானால் அதில் பூஞ்சை படர்ந்து பால் கலந்ததுபோல் ஆகும். கலங்கியிருந்தால் ஃபோகஸால் ஒன்றும் ஆகாது, திரவத்தைத்தான் மாற்ற வேண்டும். தெளிவாக இருந்தால் ஃபோகஸைப் பார்க்கலாம்.

அதோடு டியூப்பின் அடியில் ஈரம் கசிகிறதா என்றும் தடவிப் பாருங்கள், பிளக்கை எடுத்துவிட்டு. கலங்கல் காத்திருக்கும், கசிவு காத்திருக்காது. அது கீழே உள்ள போர்டில் சொட்டினால் தீப்பொறி பறக்கும். கிளைக்கால் நஞ்சு, இனிக்கவும் செய்யும். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் ஒரு சொட்டுகூடத் தரையில் விடாதீர்கள்.

நிலவறைவாசி

அடியில் உலர்ந்திருக்கிறது. உள்ளே பச்சையும் சிவப்பும் கண்ணாடியாகத் தெளிவு, நீலத்தில் மெல்லிய பால் மூட்டம்.

சால்டர் மணி

அப்படியானால் அவசரம் இல்லை, ஆட்டத் தொடர் முடியட்டும். திரவம் மாற்ற டியூப்பை லென்ஸோடு வெளியே எடுக்க வேண்டும். அதன்பின் நீலத்தின் சீரமைப்பை மீண்டும் செய்ய நேரும். அதனால் 480 வேலையில் நீலத்துக்கு இப்போது நேரம் செலவழிக்காமல் சிவப்பை மட்டும் முடித்து வையுங்கள். திரவ வேலைக்குத் தனி இழை தொடங்குங்கள், படங்களோடு வருகிறேன்.